சர்க்கரை போட்ட காபி

இன்று காலை காபியில் சர்க்கரை இருந்தது. முதல் வாயிலேயே சவரியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, என்ன ரெஜினா இது என்று கேட்கவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நாலு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரர் என்று வீட்டிலும் தெருவிலும் பெயர் வாங்கியிருக்கும் ஒரு மனுஷன் என்ன செய்யவேண்டுமோ அதில் ஒன்றையும் செய்யாமல், அடுப்படி வாசலில் நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் தெருவுக்குப் போய்விட்டார். மறந்து போட்டிருப்பாள். அறுபத்துமூன்று வயதாகிறது, சரியான தூக்கமில்லை, காலில் நீர் கோத்திருக்கிறது, கை தவறியிருக்கும். ஆனால் வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது? மேல்தட்டில், விருந்தாளிகளுக்கென்று, ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கவேண்டிய உயரத்தில் இருக்கிறது. இரண்டு படி ஏறினால் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்குகிறவள் அவள். கை தவறி ஸ்டூல் போட்டு ஏறுகிறவர்கள் உலகத்தில் உண்டா? இப்போது மணி ஏழேகால். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், டயாலிசிஸ் வார்டில், ஐந்தாம் நம்பர் கட்டிலில் ரெஜினா இடது கையை நீட்டிப் படுத்திருக்கிறாள். அந்தக் கையிலிருந்து இரண்டு குழாய்கள், ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு. பக்கத்தில் நிற்கிற மெஷின் அவள் ரத்தத்தை எடுத்துக் கழுவி அவளிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை, சனிக்கிழமை, நாலு நாலு மணி நேரம். சவரியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நூலகப் புத்தகத்தோடு, எப்போதும் போல உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். வாய் அதுபாட்டுக்குப் படிக்கிறது. நாக்கின் அடியில் அந்த இனிப்பு இன்னும் போகவில்லை.

அவர் கதை படிக்கிறவரே இல்லை. முப்பத்துநாலு வருஷம் தாலுகா ஆபீஸில் சர்வேயர். சங்கிலியைப் போட்டு இழுத்தால் இத்தனை மீட்டர், எல்லைக்கல் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, நடுவில் கற்பனைக்கு இடமில்லாத வேலை. ரெஜினா ஆரம்பப் பள்ளி டீச்சர். ஓய்வு பெற்றும் தெருவில் எல்லோருக்கும் இன்னும் டீச்சர்தான். அவளுக்குப் புத்தகம் இல்லாமல் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில், பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் யாரோ இல்லாத ஒருத்திக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரம், ஒரு கையை அசைக்கக் கூடாது, கண்ணாடி வேறு மூக்கில் நழுவுகிறது, நீங்க படிங்க, நான் கேக்கறேன் என்று புத்தகத்தை நீட்டினாள். பத்துப் பக்கம் படித்துவிட்டு அவர் கேட்டார், “இது நடந்ததா?” “நடக்கலை.” “நடக்காததை எதுக்கு முந்நூறு பக்கத்துக்கு எழுதறான்?” மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் நிவேதா சிரித்துவிட்டாள். ரெஜினா சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்பாடு சொல்லித்தருகிற அதே குரலில் சொன்னாள்: “எல்லாக் கதையும் ஒண்ணுன்னு நெனச்சுப் படிச்சா ஒண்ணும் விளங்காதுங்க. நஞ்சையில போய் நின்னுக்கிட்டு இங்க ஏன் கடலை விளையலைன்னு நீங்க கேப்பீங்களா? ஒவ்வொரு தினுசுக் கதையும் முதல் ரெண்டு பக்கத்துலயே உங்ககிட்ட ஒரு சத்தியம் பண்ணும். யார் செஞ்சதுன்னு கடைசியில சொல்லிடறேன்னு துப்பறியும் கதை சத்தியம் பண்ணும். பேய்க்கதைன்னா, இந்த வீட்டுல ஏதோ இருக்கு, நீ போகப் போகப் பாருங்கும். அந்தச் சத்தியத்தைப் பிடிச்சுக்கிட்டே போகணும். காப்பாத்தலைன்னா அப்ப எழுதினவனைத் திட்டுங்க.” அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கூட வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப சமூக நாவல்னு போட்டிருக்கே, அது?” என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். “அது ஒரு சத்தியமும் பண்ணாது. பக்கத்து வீட்டுல நடக்கிற மாதிரி நடந்துக்கிட்டே போகும். அதுல யாரும் தப்பிக்க முடியாது.”

படிக்கப் படிக்க அவருக்குப் பிடித்துத்தான் போனது. துப்பறியும் கதைதான் முதலில். எல்லைத் தகராறு மாதிரி அது. யாரோ ஒருத்தன் கல்லைப் பிடுங்கி நட்டிருக்கிறான், எவன் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்து படிப்பார், ஆள் யார் என்று தெரிந்த தெம்பில் குரல் மாறிவிடும், ரெஜினா உடனே கண்டுபிடித்துவிடுவாள். “பாத்துட்டீங்க இல்ல? அந்த ஆள் பேசறப்ப மட்டும் மெதுவாப் படிக்கிறீங்க.” சரித்திரக் கதை படிக்கும்போது வார்டே கேட்கும், ஆறாம் நம்பர் கட்டில்காரர் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுக் கேட்பார். ஒரு தடவை அறிவியல் கதை ஒன்று கிடைத்தது. இன்னும் முந்நூறு வருஷம் கழித்து நடக்கிறது. அதில் ஒரு கிழவன், இதே டயாலிசிஸ் மெஷினைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறான், வழியில் இளநீர் குடிக்கிறான். கதை அதைப் பற்றியதே அல்ல, அது ஒரு வரிதான். ரெஜினா அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தார். இன்னொரு தடவை என்றாள். படித்தார். அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். மூன்றாவது தடவை அந்தக் கிழவன் இளநீர் குடிக்கும் இடத்தில் அவர் குரல் உள்ளே போய்விட்டது. காதல் கதைகள் ஆறு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. ஏதோ ஒன்றில், ஒருத்தன் ஒருத்தியைப் பார்த்து உனக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று சொன்னான். அச்சில் ஒரு வரி. சவரியப்பன் அந்த வரியைத் தாண்டிக் கீழ்வரிக்குப் போய்விட்டார். தெரிந்தே தாண்டினார். அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, காதல் கதை போதுங்க, அலுத்துப்போச்சு என்றாள் ரெஜினா. அலுத்துத்தான் போயிருக்கும் என்று அப்போது நினைத்தார். அலுப்புத்தானா அது? அவள் வரி வரியாகக் கேட்கிறவள். ஒரு வரி விடுபட்டால் அந்தப் பள்ளத்தில் கால் இடறி நிற்கிறவள்.

இப்போது படிப்பது எந்த தினுசு என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அட்டை கிழிந்து போய், நூலகத்தில் பழுப்புத் தாள் ஒட்டிக் கொடுத்த புத்தகம், பெயரும் இல்லை எழுதினவரும் இல்லை. ஒரு சின்ன ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான் ஒருத்தன். அவனுடைய கூட்டாளி கிணற்றில் விழுந்து செத்துப்போகிறான். சரி, துப்பறியும் கதை என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், அறுபதாம் பக்கத்திலேயே எழுதினவர் போட்டு உடைத்துவிட்டார்: தள்ளவில்லை, விழுந்தவன் கையை நீட்டினான், ஸ்டூடியோக்காரன் கயிறு இருந்தும் போடவில்லை. அதற்கப்புறமும் புத்தகம் போய்க்கொண்டே இருக்கிறது. அவன் போட்டோ எடுக்கிறான், மனைவி போட்ட சோற்றைச் சாப்பிடுகிறான், மழை பெய்கிறது. கயிறு இருந்தும் போடவில்லை. இந்த இடத்தில் சவரியப்பன் போன சனிக்கிழமையே ஒரு தடவை நின்றார். இன்றும் அதே இடத்துக்கு மனசு போய் நிற்கிறது, சைக்கிள் செயின் ஒரே பல்லில் கழன்று கழன்று விழுவது மாதிரி. இந்தப் புத்தகத்தை எடுத்தது யார்? அவர் இல்லை. ரெஜினாதான், நூலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கீழ்த்தட்டுல பழுப்பா ஒண்ணு இருக்கு பாருங்க, அதை எடுங்க என்று கையைக் காட்டினாள். அட்டை இல்லாத புத்தகம். முன்பே படித்திருந்தால் ஒழிய, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவருக்குச் சர்க்கரை இல்லை. இருந்ததே இல்லை. இதை அவர் மனசுக்குள்கூட இத்தனை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்ததில்லை. நாலரை வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ரெஜினாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, யாராவது ஒன்று கொடுத்தால் மாற்றிவிடலாம் என்றார்கள். ஓசூரிலிருந்து மகள் ஷீபா ஓடிவந்து நான் தருகிறேன் என்றாள். ரெஜினா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள், பெத்த பிள்ளைகிட்ட வாங்க மாட்டேன். மிச்சம் அவர்தான். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வாரம் முழுக்க ஏதேதோ எடுத்தார்கள். பிறகு டாக்டர் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாம் பொருந்துதுங்க, ஆனா உங்க மனசுக்கு முழுச் சம்மதமான்னு நான் கேட்டாகணும், இல்லைன்னா சொல்லிடுங்க, உடம்புக்கு ஒத்துக்காதுன்னு வீட்ல சொல்லிக்கலாம், உண்மையான காரணம் இந்த அறையைத் தாண்டாது என்றார். டாக்டர் அதைத் தயவாகத்தான் சொன்னார். அந்த அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. தண்ணீர் இருந்தது, மீன் இல்லை, குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. சவரியப்பனுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. லூர்து அண்ணன் குடல்வால் ஆபரேஷனுக்கு நடந்து போனார், கதவுப் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றி, இதை வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன் என்றார், வரவில்லை. அந்த ஞாபகம் அப்போதே வந்ததா, இல்லை, பிற்பாடு காரணம் தேடிப் போனபோது வந்து ஒட்டிக்கொண்டதா? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டார், தெரியவில்லை. வயலில் அரிவாளோடு நின்றவனுக்கு முன்னால் சங்கிலி பிடித்து அளந்தவர்தான். அந்த அறையில் மட்டும் வயிற்றின் இடது பக்கம், விலாவுக்குக் கீழே, யாரோ விரலால் கோடு போட்ட மாதிரி சில்லென்று ஆகிவிட்டது. வாய் தானாகச் சொன்னது: “சர்க்கரை இருக்குன்னு சொல்லிடுங்க சார்.” வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். “என்ன சொன்னார்?” “சுகர் பார்டரைத் தாண்டிடுச்சாம். எடுக்கக் கூடாதாம்.” அவள் முகத்தில் என்ன வந்திருக்கவேண்டும்? ஏமாற்றம் வரும் என்று அவர் தயாராக இருந்தார். வந்தது பதற்றம். “ஐயோ, உங்களுக்கா? எப்ப இருந்து? ஏங்க சொல்லவே இல்லை?” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் சர்க்கரை வியாதிக்காரர். திண்டுக்கல்லுக்குத் திரும்பிய மறுநாளே வீட்டில் சர்க்கரை டப்பா மேலே ஏறிவிட்டது. கேப்பைக் களி, வெந்தயம், பாகற்காய். தன் தட்டில் உப்பில்லாமல் ஒன்று, அவர் தட்டில் இனிப்பில்லாமல் ஒன்று என்று அந்த உடம்போடு இரண்டு சமையல் செய்தாள். அவர் ஒரு மாத்திரை அட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒரு மாத்திரையைப் பிதுக்கி, வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார். கரைய நேரமாகும். அது கரைகிறவரை நின்று பல் தேய்ப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு மலைக்கோட்டைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். வந்ததும் “எவ்வளவு இருக்கு?” என்பாள். ஒரு எண்ணைச் சொல்வார். முன்பு சொன்ன எண் என்ன என்று மறந்துவிடக் கூடாதே என்று அதையும் நோட்டில் எழுதி வைத்தார், கதை வகைகளுக்கு அடுத்த பக்கத்தில். துப்பறியும் கதைகள் படிக்கப் படிக்க அவருக்கு ஒரு பயம் வந்தது. கொலைகாரன் எப்போதும் இப்படி ஒரு சின்ன விஷயத்தில்தான் மாட்டிக்கொள்கிறான். பிறகு பேய்க்கதைகள் வந்தபோது பயம் வேறு மாதிரி ஆயிற்று. இவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியபிறகு வீடே மாறிவிட்டது. அவள் ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தால் தெரிந்துதான் வைக்கிறாள். சத்தமில்லாமல் வைத்தால் அதைவிட நன்றாகத் தெரிந்து வைக்கிறாள். அப்படி ஒரு வருஷம் போனது. பிறகு அதுவும் பழகிவிட்டது. போன வருஷம், அவள் இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது, இனி யார் கொடுத்தாலும் மாற்று ஆபரேஷன் கிடையாது என்று இங்கே பெரிய டாக்டர் சொன்ன அன்று, வார்டு வாசலில் நின்று சவரியப்பன் அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு மூலையில், இனிமேல் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்று ஒன்று முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெஷின் கீச்சென்று கத்தியது. நிவேதா வந்து எதையோ அழுத்தினாள், ரெஜினாவின் கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். “பிரஷர் இறங்குது டீச்சரம்மா, தலை சுத்துதா?” இல்லை என்று ரெஜினா தலையசைத்தாள். ஒன்பதரை ஆகிவிட்டது. ஏசிக் குளிரில் அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள், முகம் மட்டும் தெரிந்தது. போன வருஷத்து முகமில்லை. தாடைக்கும் கன்னத்துக்கும் நடுவே யாரோ மண்ணை எடுத்துவிட்ட மாதிரி இறங்கியிருந்தது. தான் வெகு நேரமாகப் படிக்காமல் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“நிறுத்திட்டீங்களே” என்றாள்.

“எனக்கு இந்தக் கதை பிடிபடலை ரெஜினா. யார் செஞ்சதுன்னு அறுபதாம் பக்கத்துலயே சொல்லிட்டான். போலீசும் வரலை. அப்புறம் எதுக்கு இவ்வளவு பக்கம்?”

“போலீஸ் வராது.”

“அப்ப இது துப்பறியும் கதை இல்லையா?”

“கிணத்துல ஆள் செத்தா துப்பறியும் கதைன்னு நெனச்சுட்டீங்களா? அவன் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவனோட குடித்தனம் பண்றா. அதான் கதை.”

அவர் அவசரமாகப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். எண்பது, எழுபத்தைந்து, எழுபது. “அவளுக்குத் தெரியும்னு எங்கேயும் சொல்லலையே.”

“சொல்ல மாட்டாங்க. முன்னெல்லாம் தட்டை அவன் கையில குடுப்பா. இப்ப கீழே வச்சுட்டுப் போறா. நீங்கதான் படிச்சீங்க. கவனிக்கலையா?”

அவர் புத்தகத்தை மூடினார். விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொள்ள மறந்துபோய் மூடிவிட்டார். கேட்காமல் இருந்துவிடலாம். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான், குழாயைக் கழற்றிவிடுவார்கள், ஆட்டோ, வீடு, மத்தியானச் சாப்பாடு, நாலு வருஷம் போன மாதிரியே இதுவும் போய்விடும். ஆனால் வாய் அன்று அந்த அறையில் தானாகப் பேசிய மாதிரியே இன்றும் தானாகப் பேசியது.

“காலையில காபியில…”

“சர்க்கரை போட்டேன்.”

“மறந்து போட்டுட்டியோன்னு நெனச்சேன்.”

“மறக்கலை” என்றாள் ரெஜினா. குரலில் காரம் இல்லை. வாசிப்பைத் திருத்துகிற குரல்தான். “உங்க ரத்தப் பரிசோதனைச் சீட்டு பீரோவுல பத்திரத்தோட இருந்துச்சு. வெறும் வயித்துல எண்பத்தெட்டு. ரேஷன் கார்டு தேடறப்ப பார்த்தேன். மதுரைக்குப் போயிட்டு வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை.”

கிழித்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. முப்பத்துநாலு வருஷ உத்தியோகத்தில் ஒரு காகிதத்தைக்கூடக் கிழித்துப் பழக்கமில்லாத கை அதை மடித்து, பத்திரங்களுக்கு நடுவில், தேதி வாரியாக வைத்திருக்கிறது. அப்படியானால் நாலு வருஷமும் அவளுக்குத் தெரியும். எண்பத்தெட்டு என்று தெரிந்துகொண்டேதான் பாகற்காயின் விதையை நீக்கினாள். வாஷ்பேசினில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் காபியை ஆற்றினாள். செக்கப்புக்குப் போய்விட்டு வந்தவரிடம் எவ்வளவு இருக்கு என்று கேட்டாளே, எதற்குக் கேட்டாள்? அவர் என்ன எண் சொல்கிறார் என்று பார்க்கவா? ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள், அவர் ஒவ்வொரு முறையும் நூற்று நாற்பது, நூற்று முப்பத்தைந்து என்று சொல்லி அதைச் சாத்தியிருக்கிறார். அவர் ஒளித்துவைத்துக் காவல் காத்த இடத்துக்குள் அவள் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். மெஷினில் உருளை சுற்றுகிறது, குழாயில் சிவப்பு போகிறது, வருகிறது. ஆறாம் நம்பர் கட்டில்காரர் போனில் யாரிடமோ தக்காளி விலையைப் பற்றிப் பேசுகிறார். நான் பயந்துட்டேன் என்று சொல்லவேண்டும். அது உண்மை. ஆனால் அந்த மூன்று நிமிஷத்துக்குத்தான் அது உண்மை. பயம் அந்த அறையோடு முடிந்துவிட்டது. மறுநாள் போய் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், அதற்கு மறுநாள் சொல்லியிருக்கலாம், மூன்று வருஷம் சொல்லியிருக்கலாம். அத்தனை நாளும் சொல்லாமல் இருந்ததற்குப் பயம் என்று பெயர் இல்லை. அதற்கு என்ன பெயர்?

“ஏன் கேக்கலை நீ?” என்றார் கடைசியில்.

“சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம், சொல்லிடக் கூடாதேன்னு இருந்தேன். சொல்லிட்டா அடுத்த நாள் ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுல எப்படி உக்காந்து வர்றது?”

“ரெஜினா, நான்…”

“மன்னிப்பு கேட்டுடாதீங்க. குடுக்கத் தெம்பு இல்லை எனக்கு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “கோபம் இருந்துச்சு. பொய் சொல்லுவானேன். முதல் வருஷம் உங்க முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை. அதான் படிக்கச் சொன்னேன். படிச்சா உங்க குரல் மட்டும்தானே, அதுவும் வேற யாரோ எழுதினதைப் பேசற குரல். கேட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக்கலாம். அப்புறம் கோபத்தையும் தூக்கிட்டு இந்த மாடி ஏற முடியலை, விட்டுட்டேன். பாசம்னு நெனச்சுக்காதீங்க. களைச்சுப்போச்சு.” பிறகு, சந்தைக்குப் போகவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்: “சனிக்கிழமை நான் வரலை.”

“சனிக்கிழமை இல்லைன்னா ஞாயித்துக்கிழமை கேட்டுப் பார்க்கலாம்.”

“ஞாயித்துக்கிழமையும் இல்லைங்க. இனிமே இல்லை. பெரிய டாக்டர்கிட்ட போன வாரமே கேட்டுட்டேன், நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தப்ப. டயாலிசிஸை நிறுத்திட்டா ஒரு வாரம், மிஞ்சிப் போனா ரெண்டு வாரம்னார். மூச்சு முட்டாம இருக்க மருந்து தரேன்னார். ஷீபாகிட்ட நானே பேசிக்கிறேன். அதான் காலையில சர்க்கரை போட்டேன். இனிமே எதுக்கு ரெண்டு பேரும் கசந்துக்கிட்டு?”

வேண்டாம் என்று சொல்லவேண்டும். இந்த இடத்தில் ஒரு புருஷன் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும், கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும், அழவேண்டும், நீ இல்லாம நான் என்ன செய்வேன் என்று கேட்கவேண்டும். அத்தனையும் அவருக்குத் தெரியும், எத்தனை கதையில் படித்திருக்கிறார். ஆனால் முதலில் வந்தது அது எதுவும் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முடிச்சு அவிழ்ந்து லேசாயிற்று. இனி வாஷ்பேசின் முன்னால் நிற்கவேண்டாம். இனி எண் சொல்லவேண்டாம். இனி அந்த முகத்துக்கு முன்னால் தினமும் உட்காரவேண்டாம். ஒரு கணம்தான், ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்கூட இல்லை, ஆனால் அவர் முழு முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. வந்து என்ன? பிந்தி வந்த அழுகை, அவருக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, எதிர்க் கட்டடத்தின் சிமெண்ட் சுவர்தான்.

பதினொன்றேகாலுக்கு நிவேதா வந்து ஊசிகளை உருவினாள். பஞ்சை வைத்து, “அழுத்திப் பிடிங்க ஐயா” என்றாள். அவர் அழுத்திப் பிடித்தார். விரலுக்கு அடியில், தோலுக்குள், டயாலிசிஸுக்கென்று ஆபரேஷன் செய்து இணைத்த அந்த நரம்பு விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷம் அழுத்தவேண்டும். இந்தக் கையை அவர் நாலு வருஷமாக வாரம் இரண்டு தடவை இப்படி அழுத்திப் பிடித்திருக்கிறார்; மற்ற நேரங்களில் தொட்டது எப்போது என்று யோசித்தார், நினைவு வரவில்லை. “சனிக்கிழமை காலை ஷிப்ட்தானே டீச்சரம்மா, எழுதிக்கட்டுமா?” என்று நிவேதா நோட்டைப் பிரித்தாள். ரெஜினா அவரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, குற்றம் சொல்கிற பார்வையும் இல்லை, என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கிற பார்வை. எழுதிக்கம்மா, கூட்டிட்டு வரேன் என்று அவர் சொல்லலாம். சொன்னால் அவள் மாட்டேன் என்பாள், ஆனால் அவர் சொன்னதாக இருக்கும். டீச்சர் இனிமே வர மாட்டாங்க என்றும் சொல்லலாம். அது அவளுக்காகப் பேசியதாக இருக்கும். “போன் பண்ணிச் சொல்றோம்மா” என்றார் சவரியப்பன். நிவேதா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ரெஜினா மெதுவாக எழுந்து கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். “செருப்பு எங்கேன்னு பாருங்க.” ஒன்று அங்கேயே கிடந்தது. இன்னொன்றை யாரோ கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார்கள். அவர் குனிந்து பார்த்தார், கை எட்டவில்லை, முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டுத் துழாவினார். மெஷினின் வயர்கள், ஒரு பஞ்சுத் துண்டு, டெட்டால் வாடை. அங்கே அவர் முகத்தை யாரும் பார்க்க முடியாது. கண்ணுக்கு நேராக அவளுடைய பாதங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனை தண்ணீரை எடுத்த பிறகும் வீக்கம் முழுசாக வடியவில்லை, கணுக்கால் எங்கே என்று தெரியவில்லை.

“கிடைச்சுதா?” என்று மேலிருந்து கேட்டாள்.

செருப்பு கையில்தான் இருந்தது.

“இன்னும் இல்லை” என்றார்.